வாடகை வீடு: கடன் எதற்கு, எவ்வளவு?



சொந்த வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு, இல்லாட்டி மாமனார் காலத்து ஓட்டு வீடு. அதை மராமத்து பார்த்து வாடகைக்கு விடலாம் என்று குழுவில் கடன் கேட்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் பணம் முதலில் டைல்ஸுக்கும் பெயிண்டுக்கும் போய்விடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். இப்போ வாடகை 1,500 ரூபாய், சரி பண்ணினா 2,000 வரும்னு வைங்க. கூடுதல் 500. டைல்ஸ், அலங்காரக் கதவு என்று 60,000 வாங்கினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் முதல் மாசமே 600. கூடுதல் வாடகை வட்டிக்கே பத்தாது. 20,000 வாங்கி 20 மாசத்தில் கட்டினால் முதல் தவணை 1,200. வீட்டில் ஆள் இருந்தால் வாடகையே அதைக் கட்டிவிடும். முதல் மூணு மாசம் வீடு பூட்டிக் கிடந்தாலோ 3,570 ரூபாய் நம்ம கூலியிலிருந்துதான் போகணும். சாதி கேட்டு ஆளைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

டீச்சரோ நர்ஸோ வீடு பார்க்க வந்தால் முதலில் கேட்பது கக்கூஸும் தண்ணியும்தான். இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டினால் குழிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விடுங்க. ஒண்ணு நிரம்பியதும் மற்றதுக்கு மாற்றிவிடலாம். ஓட்டு வேலையை ஆடிக்காத்துக்கு முன்னாடியே முடிக்கணும். நம்ம பக்கத்துக் காத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லணுமா! பழைய வயரை மாற்றி, கரண்ட் கசிந்தால் தானே நிற்கிற 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் போடுங்க. பெயிண்ட் கடைசியில், சுண்ணாம்பு அடித்தாலும் போதும்.

2017-ஆம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பேரூராட்சிக்கும் அது பொருந்தும், பண்ணைப்புரம் பேரூராட்சிதானே. வாய்வார்த்தை போதாது, எழுத்தில் ஒப்பந்தம் வேணும். இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூணு மாத வாடகைக்கு மேல் கூடாது. வாடகை பாக்கி என்று தண்ணியையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது.

இன்னொண்ணு. வீடு கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அவருடையது, வாடகையும் அவர் கைக்குப் போகும். தவணை மட்டும் நம்ம பேரில் நிற்கும். அதனால் கடன் மனு எழுதும் முன்னாடியே வீட்டில் பேசுங்க. வாடகை உங்கள் சேமிப்புக் கணக்கில்தான் கட்டப்படணும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்குங்க.