ஒருசந்தி முடிந்த மறுநாள்

1970-ஆம் ஆண்டில் பாஸ்குத் திருநாள் மார்ச் மாதம் 29-ஆம் தேதி வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தேதி என் நினைவை விட்டு அகலாததற்குக் காரணம், நாற்பது நாள் காத்த விரதத்தை அன்று நான் முடிக்கத் தெரியாமல் கெடுத்துக்கொண்டேன் என்பதே.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில், பனங்காட்டுக்கு நடுவே இருந்த எங்கள் சிற்றூரில், தபசுகாலம் என்பது பதநீர் இறங்கத் தொடங்கும் காலமும்கூட. விடியற்காலையில் கலயங்களோடு பனையேறிகள் எதிரே வருகையில் வீசும் அந்த இனிய வாசனையைத் தாண்டிக்கொண்டு பூசைக்குப் போவதே ஒரு பரித்தியாகமாக இருக்கும். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1966-இல் தவமுயற்சிகளைப்பற்றி வெளியிட்ட சாசனத்தின்படி, கட்டாயமான ஒருசந்தி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டுமே என்று ஏற்பட்டிருந்தது. திருச்சபை இவ்விதம் தளர்த்திவிட்டதே என்று வருந்திய வாலிப வைராக்கியத்தில், நான் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பதென்று, எவரையும் கேளாமல், பாவசங்கீர்த்தனம் கேட்கும் சுவாமியாரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், எனக்கு நானே சங்கற்பம் செய்துகொண்டேன். ஒருவேளை வயிறார உண்ணலாம். மற்ற இரு வேளையும் சிறிது ஆகாரம் கொள்ளலாம். அவ்விரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சாப்பாட்டுக்கு நிகராகக் கூடாது என்பதுதான் ஒருசந்தியின் விதி. நானோ அந்தச் சிறிதையும் விலக்கி, வயிறார உண்ணும் வேளையையும் விலக்கி, அந்திக்கு ஒரு செம்பு கஞ்சி என்று வைத்துக்கொண்டேன். ஆண்டவர் உயிர்த்த நாளாகிய ஞாயிற்றுக்கிழமையைத் தபசில் சேர்ப்பதில்லை என்பதனாலேயே சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் வரும் 46 நாட்கள் 40 ஆகின்றன. அந்த ஆறு ஞாயிறுகளையுங்கூட நான் விட்டுவைக்கவில்லை.

எங்கள் ஆச்சியின் சிறுவயதில் பாஸ்குக்கு முந்திய வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். நண்பகலோடு தபசும் முடியும். பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்து, 1956 முதல் எங்கும் அதுவே முறையென்று விதித்த பிறகே, நள்ளிரவில் புது நெருப்பு மந்திரித்து, பாஸ்குத் திரி ஏற்றி, கோவில் மணிகள் ஒருசேர முழங்க வீடு திரும்பும் வழக்கம் எங்களுக்கு உண்டாயிற்று. அவ்விதம் அன்றிரவு இரண்டு மணிக்கு நான் வீடு வந்தபோது, அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இட்லிக் கொப்பரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வாசற்படியிலேயே ஆச்சி ஒரு கும்பாவை நீட்டினாள். நொய்யரிசிக் கஞ்சி, மேலே ஆடை படர்ந்திருந்தது.

“ஏ ஐயா, மொதல்ல இதக் குடி. கறி எங்கயும் ஓடிப் போயிராது.”

நாற்பது நாள் கஞ்சி குடித்தவனுக்கு நாற்பத்தோராவது நாளும் கஞ்சியா என்று சொல்லி நான் உள்ளே போய் இலையில் உட்கார்ந்துவிட்டேன். விடிவதற்குள் வாந்தி, பிறகு மூன்று நாள் பாயைவிட்டு எழவில்லை. ஆச்சி மறுபடியும் அதே கும்பாவோடு வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல், என் தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சியை ஊட்டினாள்.

தேகத்துக்கு நேர்ந்த இந்த அவஸ்தை மூன்று நாளில் தீர்ந்தது. ஆத்துமாவுக்கு நேர்ந்தது அவ்வளவு எளிதில் தீரவில்லை. நாற்பது நாளும் நாலு மணிக்கு எழுந்து ஜெபமாலை சொன்னவன், பாஸ்கு முடிந்த வாரத்தில் ஐந்து மணிக்கு எழுந்தேன்; அடுத்த வாரத்தில் பூசை மணி கேட்ட பிறகு எழுந்தேன்; பெந்தெகோஸ்தே வருவதற்குள் ஜெபமாலை எந்த ஆணியில் தொங்குகிறதென்றே எனக்குத் தெரியாமற்போயிற்று. இதற்கிடையில் ஒருநாள், கிணற்றுத் தண்ணீரில் யாருடைய முறை என்ற அற்பத் தகராறில், ஊரார் நாலுபேர் பார்த்திருக்க, செத்தாலும் உன் வாசற்படி மிதியேன் என்று என் தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கமலை வடத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போனான்.

நாற்பது நாள் உபவாசமிருந்த ஆண்டவருக்குப் பசி உண்டானது அந்நாட்களின் முடிவிலே என்றும், சோதிப்பவன் வந்தது அப்போதே என்றும் அர்ச். மத்தேயுஸ் எழுதியிருக்கிறார். அதற்குமேல் அர்ச். லூக்காஸ் ஒரு சிறு குறிப்பையும் சேர்த்திருக்கிறார்: சோதிப்பவன் அவரை விட்டு அகன்றது என்றென்றைக்குமாக அன்று, சிறிது காலத்துக்கு மட்டுமே. அந்த வாக்கியத்தை முன்பே அறிந்திருந்தும், விரதம் முடிகிற இடத்தில்தான் காவல் அதிகம் வேண்டும் என்று அது எனக்குச் சொல்வதை நான் அதுவரை கேட்கவில்லை. சம்சாரி தன் கடனைக் கட்டி, பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவதுபோல, கடவுளுக்குக் கட்டவேண்டியதைக் கட்டியாயிற்று என்று நான் தூங்கிவிட்டேன்.

மறு ஆண்டுத் தபசுகாலத்தின் தொடக்கத்தில், இவற்றையெல்லாம் சுவாமியாரிடம் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். “நீ உண்ணாமல் விட்ட அரிசி எங்கே போயிற்று?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது எங்கும் போகவில்லை; எங்கள் வீட்டுக் குலுக்கையிலேயே இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இராவென்னா நகரத்து மேற்றிராணியாராயிருந்த இராயப்பர் கிறிசோலோகர், ஜெபம், உபவாசம், இரக்கம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிழைக்கச் செய்பவை என்றும், அவற்றில் ஒன்றை மாத்திரம் வைத்திருப்பவனிடம் உண்மையில் ஒன்றுமே இல்லை என்றும் போதித்ததைச் சுவாமியார் எடுத்துச் சொல்லி, இசையாஸ் தீர்க்கதரிசி ஆகமத்தின் 58-ஆம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உபவாசமிருந்துகொண்டே வழக்காடுகிறவர்களையும் அடிக்கிறவர்களையும் தீர்க்கதரிசி கண்டிக்கும் இடம் வந்தபோது, கீழே வைக்கப்பட்ட அந்தக் கமலை வடம் என் கண்முன் வந்து நின்றது.

அன்றுமுதல் இன்றுவரை நான் கைக்கொண்டுவரும் சில நியமங்களை, விரதம் தொடங்கும் இளைஞர்களுக்கு உபயோகமாகலாம் என்ற எண்ணத்தால் இங்கே சொல்கிறேன். சங்கற்பத்தை நமக்கு நாமே செய்துகொள்ளாமல், நம்மை அறிந்த ஒரு குருவிடமோ மூத்தவரிடமோ சொல்லி, அவர் குறைத்துக்கொள் என்றால் குறைத்துக்கொள்வது நல்லது. நானாகக் கூட்டிக்கொண்ட கடுமையில் பாதிக்குமேல் அகந்தையே இருந்தது என்பதை இப்போது அறிகிறேன். விட்ட ஆகாரத்தின் அளவு அரிசியை அன்றன்றைக்கே ஒரு தனிப் பானையில் போட்டுவைத்து, பெரிய வியாழனன்று இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். பாஸ்குக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அது நடப்பதில்லை.

நடுவில் விரதம் முறிந்துபோனால், அந்த ஒரு வேளையோடு போகட்டும் என்று விட்டு, அடுத்த வேளையிலிருந்து தொடர வேண்டும். எகிப்து தேசத்து வனவாசிகளிடம் சென்று பழகிய காசியன் என்ற துறவி, விருந்தாளி வந்தால் அந்த முனிவர்கள் தங்கள் உபவாசத்தை நிறுத்திவிட்டு அவரோடு அமர்ந்து உண்டார்கள் என்றும், விரதம் எப்போதும் நம்மோடு இருக்கிறது, விருந்தாளியோ போய்விடுவார் என்று அதற்கு ஒரு முனிவர் காரணம் சொன்னார் என்றும் எழுதிவைத்திருக்கிறார். ஒருமுறை நான்காவது வாரத்தில், தூரத்திலிருந்து வந்த என் மாமா தனியே உண்ண மனமில்லாமல் இலைமுன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இதை நினைத்துக்கொண்டேன், அவரோடு உண்டேன், அந்த ஆண்டு விரதம்போல் நிறைவாக முடிந்த விரதம் எனக்கு வேறில்லை.

விரதத்தை விடும் முறையைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என்னைப்போல் ஒருவேளைக் கஞ்சியோடு இருந்தவர்கள், முதல் நாள் நொய்க்கஞ்சி, நீர்மோர், இளநீர், குழைந்த சோறு என்றும், மறுநாள் இட்லி, இடியாப்பம் என்றும், எண்ணெய்ப் பலகாரத்துக்கும் இறைச்சிக்கும் அதற்குப் பிறகே இடங்கொடுப்பதென்றும் படிப்படியாகப் போவது உத்தமம். தண்ணீரை மட்டும் பருகிப் பல நாள் உபவாசமிருப்போருக்கு இதிலே உயிராபத்தே இருக்கிறது. பட்டினிக்குப் பின் திடீரென்று மிகுதியாக உண்டால், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலிய உப்புக்கள் சடுதியில் குறைந்து இருதயத்தைத் தாக்குகின்றன. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டவர்களில் சிலர் பசியைத் தாங்கிப் பிழைத்தும், கிடைத்த உணவை ஆவலோடு உண்டதனால் இறந்துபோன பரிதாபம் வைத்தியர்கள் நன்கறிந்தது. ஆகையால் அவ்வளவு நீண்ட உபவாசத்தை வைத்தியரைக் கேளாமல் தொடங்கவும் கூடாது, முடிக்கவும் கூடாது. நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முதியோர் ஆகியோர் ஆகாரத்தைக் குறைப்பதற்குப் பதிலாக வேறொரு தவமுயற்சியை மேற்கொள்வதில் குறைவு ஏதுமில்லை. திருச்சபையின் சட்டமே 59 வயது நிறைந்தவரை ஒருசந்தியிலிருந்து விடுவிக்கிறது.

பாஸ்கு முதல் பெந்தெகோஸ்தே வரையில் ஐம்பது நாட்கள் வருகின்றன. தபசுக்கு நாற்பதும் மகிழ்ச்சிக்கு ஐம்பதும் வகுத்த நம் முன்னோர், அந்த ஐம்பதையும் ஒரு கிரமத்தோடு கழிக்க வேண்டும் என்றே கருதியிருப்பார்கள். நாற்பது நாள் செய்த அனைத்தையும் அதற்குள் இழுத்துச்செல்ல முயன்றால் எல்லாமே கைநழுவும். எனவே விரதகாலத்து அனுஷ்டானங்களில் ஒன்றே ஒன்றைப் பெரிய வாரத்திலேயே தெரிந்தெடுத்து, அதை மட்டும் விடாமல் வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது வெள்ளிக்கிழமை மாலை திருஇருதயப் படத்தின்முன் குடும்பத்தோடு சொல்லும் ஜெபமாலை. அந்தப் படத்துக்குப் பின்னால் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவை செருகியிருக்கும்; பச்சையாக இருந்தது வெளுத்து, மஞ்சளாகி, காய்ந்து, அடுத்த சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்க மீண்டும் கோவிலுக்கே போகும்வரை, வெள்ளிக்கிழமைதோறும் அது என் கண்ணில் படும்.

சுவாமியார் அந்த ஆண்டு எனக்கு விதித்த பிராயச்சித்தம், நாற்பது நாளை எங்கே முடிப்பது என்பதைப்பற்றியது. 1971-இல் பாஸ்கு ஏப்ரல் 11-ஆம் தேதி வந்தது. இரவுப் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், மிதியேன் என்று நான் சொன்ன அந்த வாசற்படியில் போய் நின்றேன். எனக்கு முன்னே ஆச்சி அங்கே போயிருந்தாள் என்பது திண்ணையில் இருந்த கும்பாவைப் பார்த்ததும் தெரிந்தது. தம்பி உள்ளேயிருந்து அரிக்கேன் விளக்கோடு வந்தான். அதை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சற்று நேரம் பார்த்தான்.

“கஞ்சி ஆறிக் கெடக்கு. உக்காருண்ணே.”

அவன் இன்னொரு கும்பாவை எடுத்துவந்து, இருந்ததைப் பாதியாக ஊற்றினான். இருவரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம்.