முதுமையுற்ற கணிப்பொறிகளும் மெய்நிகராக்கச் சோதனையும்

ஈரோட்டு ஜவுளிக் கடைகளையும் மஞ்சள் மண்டிகளையும் சார்ந்த சிறு அலுவலகங்களில் எட்டுப் பத்துக் கணிப்பொறிகள் இருத்தல் இக்காலத்து வழக்கு. அவற்றுட் பல விண்டோஸ் 7, அல்லது 10 கொண்டு இயங்குவன. முன்னதற்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2020 ஜனவரியிலும், பின்னதற்கு 2025 அக்டோபரிலும் பொது ஆதரவை நிறுத்தினர். எல்லாவற்றையும் புதிதாய் வாங்குவதா, அன்றி ஒரே வலிய பொறியினுள் அனைத்தையும் குடியேற்றுவதா என்னும் வினா இதனால் எழுகின்றது. பின்னதனை மெய்நிகராக்கம் என்பர். வணிக அலுவலகங்களிற் புகும் நம் மாணாக்கர்க்கு இவ்வினா விரைவில் எதிர்ப்படுமாதலின், சோதிக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

இது புதிய கலையன்று. ஐ.பி.எம். கம்பெனியாரின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 1960-களிலேயே தோன்றி, 1972-ல் வி.எம்./370 என வெளிவந்தது. சிறு கம்பெனிகட்கு எட்டியது பிற்காலத்தேதான்.

நம் ஊர் லைன் வீடுகளை நினைவிற் கொள்க. ஒவ்வொரு குடியும் தன் கதவைத் தனியே பூட்டிக்கொள்ளும், கிணறோ ஒன்றே. மெய்நிகர்ப் பொறிகட்குக் கிணறாவது வன்தட்டு. காலை ஒன்பதரை மணிக்குப் பத்துப் பேரும் ஒருங்கே பொறியைத் திறப்பின், பழைய சுழல் தட்டு திணறும், எஸ்.எஸ்.டி. தட்டே தாங்கும். நினைவகத்தையோ கணக்கிட்டே பகுத்தல் வேண்டும். பத்துப் பொறிகட்கு நான்கு ஜி.பி. வீதம் நாற்பதாம், தாய்ப்பொறிக்கு வேண்டுவது வேறு.

பழைய பொறியை அவ்வாறே ஒரு கோப்பாக்கித் தரும் டிஸ்க்2விஹெச்டி என்னும் கருவி இலவசமாகவே கிடைக்கின்றது. அக்கோப்பை ஏற்று இயக்க வர்ச்சுவல்பாக்ஸ் போதும். ஆயின் பொறி திறந்துவிட்டது கண்டு சோதனை முடிந்ததென மகிழ்வோர் பலர். அஃது ஓடுகின்றதா என்பதன்று வினா. வேலைமிக்க நாளில் ஓடுமா என்பதே. திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்று கனி மார்க்கெட் வாரச்சந்தை கூடுங்கால் சோதிக்க. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலாகும் நாள்களிலும் சோதிக்க. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழைய இணைதுறையைக் கேட்கும். மெய்நிகர்ப் பொறி அதனை எளிதிற் காணாது. டாலி உரிமம் இயந்திரத்தோடு பிணைந்ததாகலின், இடம் மாறியவுடன் அதனை மீண்டும் இயக்குவிக்க நேரும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அடித்த பழைய தமிழ்க் கடிதங்கள் மட்டும் இம்முறையாற் பெரும்பாலும் பிழைக்கும். எழுத்துருவும் உடன் வருதலால்.

விண்டோஸ் 7 புதுவீடு புகுந்தாலும் முதுமை நீங்காது. அதனை இணையத்தினின்றும் பிரித்தே வைத்தல் தகும்.

இனி, ஒரு பொறி பழுதுற்றால் முன்னர் ஒருவரே வாளாவிருப்பர்; இப்போதோ கடை முழுதும் நிற்கும். ஆதலின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைப் பொறியின் மின்னிணைப்பைத் துணிந்து பிடுங்கி, நகலை வேறொரு பொறியில் மீட்டு, எத்தனை மணி ஆயிற்றெனக் குறித்தல் வேண்டும். இதனைச் செய்வோர் மிகச் சிலரே.

செலவிற் பெரிதும் மறக்கப்படுவது உரிமமாகும். பொறியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அப்பொறிக்கே உரியது. தாய்ப்பொறிக்கு மாற்ற இயலாது. அதனையும் இரண்டாம் பொறியின் விலையையும் சேர்ப்பின், நான்கைந்து பொறிகளே உள்ள கடைக்குப் புதியன வாங்குவதே இலாபமென்பது எம் கருத்து. பத்துக்கு மேற்பட்டால் கணக்கு மாறக்கூடும். பழைய பொறிகள் லினக்ஸ் ஏற்று வெறும் முனையங்களாய் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.