வைகாசி மதியும் பௌத்தமும்: மாணாக்கர் வினவும் சில வினாக்கள்

வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரையிலும் உள்ள கண்ணகையம்மன் கோயில்களிலே கதவு திறத்தலும், வழக்குரை படித்தலும், குளிர்த்தியும் நிகழ்வதை நம் கல்லூரியில் அறியாதார் எவருமிலர். சில ஆண்டுகளில் அக்குளிர்த்தியும் பௌத்தர்களின் வெசாக் திருநாளும் ஒரே முழுமதியின் கீழ் அமைந்துவிடுகின்றன. ஒருபுறம் உடுக்கின் ஒலி. மறுபுறம் காகிதக் கூடுகளின் ஒளி. அத்தகைய ஒரு வைகாசியிலே, இந்து நாகரிகம் பயிலும் உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் எம்மை நோக்கி, “ஐயா, குளிர்த்தி நம்முடையது, வெசாக் அவர்களுடையது. அவர்களுடைய சமயத்தை நாம் ஏன் அறியவேண்டும்?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. அவ்வினாவைத் தங்கள் மனத்திலும் வைத்திருந்தவர் பலர் என்பதை அவ்வமைதி காட்டிற்று. அன்று யாம் சொல்லிய விடை அரைகுறையானது. அதனை ஓரளவேனும் நிறைவாக்கும் பொருட்டு இம்மலரில் சில பக்கங்களைக் கேட்டுப் பெற்றுள்ளோம்.

முதற்கண், அம்மாணாக்கனிடத்துக் குற்றமில்லை என்க. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அதன்பின் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் பௌத்தத்திற்கு முதன்மையிடம் வழங்கின. போர் நடந்த ஆண்டுகளில் பிறந்தோரும், அப்போரில் உறவினரை இழந்தோரின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருந்திருக்கின்றனர். வெற்றுக் காணியொன்றில் ஒரு விடியற்காலையில் புத்தர் சிலை தோன்றக் கண்ட ஊரார், அச்சிலையின் முகத்திலுள்ள அமைதியைக் காண்பதில்லை. அடுத்து வருவது யாதோ என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் காரணமற்றது என்று கூற யாம் துணியோம். ஆயினும் அம்மாணாக்கன் வினவியது அரசைப் பற்றியும் நிலத்தைப் பற்றியுமேயன்றி, கௌதமர் உரைத்த தருமத்தைப் பற்றியன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் அரசைப் பற்றியும் தெளிவாகப் பேச இயலாது. தருமத்தைப் பற்றியும் ஒன்றும் அறிய இயலாது.

மற்றொரு காரணமும் உண்டு. அஃது இதனினும் பழையது. நாம் பௌத்தத்தை அதன் எதிராளிகளின் வாயிலாகவே அறிந்திருக்கிறோம். திருஞானசம்பந்த சுவாமிகள் தம் பதிகங்களின் பத்தாம் பாடல்களிலே சமணரையும் சாக்கியரையும் கடிந்து பாடியருளினார். ஈழத்துப் பௌத்தரை மாணிக்கவாசக சுவாமிகள் தில்லையில் வாதில் வென்ற வரலாற்றைத் திருவாதவூரடிகள் புராணம் கூறும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்திலே சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வகைப் பௌத்தரையும் ஒவ்வொருவராக நிறுத்தி மறுக்கிறார். இவை நமக்குப் போற்றற்குரிய நூல்கள்; அவ்வக்காலத்து வாதத்தில் எழுந்தவை. ஆனால் எதிர்வாதியின் கூற்றை மட்டும் கேட்டு வழக்கை முடித்தல் தகுமா? ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வழங்கிய பாண்டியன் கதையை ஆண்டுதோறும் கேட்கும் ஊரார் நாம்.

இனி வினாக்களுக்கு வருவோம். “பௌத்தம் தமிழருடைய சமயமாக எப்போதேனும் இருந்ததுண்டா?” என்பது முதலாவது. இதற்கு விடை நாம் வழிபடும் கண்ணகியிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்தோடு இரட்டைக் காப்பியமாக எண்ணப்படுவது சாத்தனாரின் மணிமேகலை. முப்பது காதைகளைக் கொண்ட அந்நூல் தெளிவான பௌத்த நூல். அதிலே வஞ்சி நகரை அடைந்த மணிமேகலை, கண்ணகியின் படிமத்தின் முன் நின்று வணங்குகிறாள். அப்பொழுது கண்ணகி அவளிடம் பேசுகிறாள். மதுரையை எரித்த வினையின் பயனைத் தானும் நுகர்ந்தே ஆகவேண்டும் என்றும், தேவருலகத்து இன்பம் முடிந்தபின் மீண்டும் பிறந்து உழன்று, புத்தர் தோன்றும் காலத்து அவரது அறவுரை கேட்டு வீடு பெறுவாள் என்றும் கூறுகிறாள். பின்னர்ப் பல சமயத்தார் கூறுவனவற்றையும் சென்று கேட்குமாறு மணிமேகலையை ஏவுகிறாள். ஆகவே பிற சமயத்தை அறிதல் வேண்டுமோ என்று ஐயுறும் மாணாக்கனுக்கு விடையளிக்க யாம் வேண்டியதில்லை.

மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலே அமுதசுரபி தோன்றும் நாளாக அந்நூல் குறிப்பதும் இடபத் திங்களில் வரும் விசாக நாளே. அதாவது நம் வைகாசி, அவர்களுடைய வெசாக். ‘வெசாக்’ என்னும் சொல்லும் ‘விசாகம்’ என்பதன் மற்றொரு வடிவமே.

இந்நூலை 1898ஆம் ஆண்டில் பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். அவர் திருவாவடுதுறை ஆதீனத்துச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். ஏட்டைத் திறந்தபோது அதிலுள்ள சொற்கள் பல அவருக்குப் பொருள்படவில்லை. தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்து நெடுங்காலமாகிவிட்டமையால் கேட்டறிவதற்கும் ஆளில்லை. கும்பகோணத்தில் உடனிருந்த ரங்காசாரியார் என்னும் பேராசிரியர், அது பௌத்த நூலாதல் வேண்டும் எனக் காட்டி, ஆங்கில நூல்களைப் படித்துப் பொருள் சொல்ல, ஐயரவர்கள் அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, புத்தர் சரிதத்தையும் தருமத்தையும் சங்கத்தையும் பற்றித் தமிழில் எழுதியும் வெளியிட்டார். தமிழ் நூலொன்றை விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு சைவர் பௌத்தம் பயின்றார்! அதனால் அவரது சைவம் குறைந்துவிடவில்லை.

பாலி மொழியில் உரை எழுதிய புத்ததத்தர் சோழநாட்டினர். தம்மபாலரைக் காஞ்சியோடு இணைத்து மரபு கூறும். வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் என்னும் இலக்கணம் செய்த புத்தமித்திரனார் பௌத்தர். அகத்தியனாருக்குத் தமிழ் உரைத்தவர் அவலோகிதரே என்று அவர் கூறுவது நமக்கு வியப்பாக இருக்கும். தஞ்சையிற் பெருவுடையார் கோயிலை எடுத்த இராசராச சோழனே, நாகபட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் கட்டிய சூளாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். இவற்றையெல்லாம் விரிவாக அறிய விழைவோர் மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலைக் காண்க.

நம் கிழக்கு மாகாணத்திற்கே வருவோம். திருகோணமலைக்கு அண்மையில் பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை உள்ளது. தமிழர் அதனை நாதனார் கோயில் என்பர். சோழர் ஆண்ட பதினோராம் நூற்றாண்டில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரும் வழங்கிற்று. விளக்கெரிக்கவும் பிறவற்றிற்கும் தமிழர் அளித்த கொடைகளை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. பொலன்னறுவையிலே புத்தரின் தந்ததாதுவை வைத்திருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டும் தமிழிலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இச்சான்றுகளைக் கண்டவுடன், பழைய விகாரைகள் அனைத்தும் தமிழருடையன என்று முழங்கப் புறப்படுவோர் நம்மிடையே உளர். 1961ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்த பகுதியிலுள்ள தீகவாபித் தூபியை மகாவமிசம் சத்தாதிஸ்ஸ மன்னனோடு சேர்த்தே பேசுகிறது. அதனை மறுத்துரைக்க நமக்குச் சான்றில்லை. அவ்வாறே, மண்ணிலிருந்து எழும் ஒவ்வொரு செங்கல்லையும் ஒரே இனத்தின் உரிமைப் பத்திரமாகக் கொள்வோரும் வெல்கம் விகாரையின் கற்களைப் படித்திலர்.

“பௌத்தம் எல்லாம் துன்பம் என்று சொல்லி வாழ்வை வெறுக்கும் சமயமன்றோ?” என்பது அடிக்கடி கேட்கப்படும் வினா. மருத்துவர் நோயைக் கூறுவது நோயாளியை அச்சுறுத்தவன்று. நோய் இது, அதன் காரணம் இது, அது தீரும், தீர்க்கும் வழி இது என்று அவர் நான்கும் கூறுவார். துன்பம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் நெறி என்னும் நான்கு வாய்மைகளும் அத்தகையனவே. முதலாவதை மட்டும் கேட்டு எழுந்து சென்றவனே வெறுப்பு என்பான். துன்பம் தோன்றும் வகையை விளக்கப் பன்னிரண்டு சார்புகளைப் பௌத்தர் கூறுவர். அவித்தை என்பதற்குப் பேதைமை, புலன் பொருளைத் தீண்டுவதற்கு ஊறு, அதனால் வரும் இன்ப துன்பத்திற்கு நுகர்வு, அதன்மேல் எழும் அவாவிற்கு வேட்கை எனச் சாத்தனார் ஆளும் சொற்கள் அனைத்தும் நல்ல தமிழ். பாலியில் இடர்ப்படும் மாணாக்கன் தமிழில் எளிதிற் பற்றிக்கொள்வான்.

நமக்குக் கடினமான வினா மற்றொன்று. “ஆன்மா இல்லை என்கின்றனர், மறுபிறப்பு உண்டு என்கின்றனர். பிறப்பவன் யார்?” அருணந்தியாரின் மறுப்பும் இவ்விடத்திலேதான் கூர்மையடைகிறது. எல்லாம் கணந்தோறும் அழியுமாயின், வினை செய்தவன் ஒருவனும் பயன் நுகர்பவன் வேறொருவனும் ஆகிவிடுவரே என்பது தடை. இதற்குப் பௌத்தர் கூறும் விடையை மிலிந்தர் வினாக்கள் என்னும் பாலி நூலிலே காணலாம். மாலையில் ஏற்றிய விளக்கு விடியுமட்டும் எரிகிறது. முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா என்று நாகசேனர் மன்னனை வினவுகிறார். ஒன்றெனின், நெய்யும் திரியும் கணந்தோறும் மாறின. வேறெனின், இரண்டு விளக்குகள் இருந்தில. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தொடர்கிறது. உயிரின் தொடர்ச்சியும் அத்தகையதே, நிலைத்த பொருளொன்று இடம்பெயர வேண்டுவதில்லை என்பது அவர் கருத்து.

இவ்விடை எம்மை முற்றும் அமைதிப்படுத்தவில்லை என்பதை மறைக்கமாட்டோம். சுடரை அறிபவன் சுடரின் வேறாக இருக்கிறான். அறிபவன் எங்கே என்று கேட்பதே நம் சித்தாந்தம். ஆனால் அவர்களது விடை, விடை என்னும் பெயருக்கு உரியது. பரபக்கத்தைப் படிக்கும் மாணாக்கன் இதனை அறியாமற் படிப்பானாயின், அருணந்தியார் எத்துணை வலிய எதிராளியோடு வாதிட்டார் என்பதையும் அறியான். அருணந்தியாரின் பெருமை அவனுக்குப் பாதியே புலப்படும்.

நிருவாணம் என்பது வெறும் பாழோ எனின், வச்சகோத்தர் என்னும் துறவி இதனைப் புத்தரிடமே கேட்டார். எரிந்தணைந்த தீ கிழக்கே சென்றதா, மேற்கே சென்றதா என்று புத்தர் திருப்பி வினவினார். அவ்வினாவே பொருந்தாது என்று வச்சகோத்தர் உணர்ந்தார். ஆன்மா உண்டா, இல்லையா என்று மற்றொரு முறை அவர் கேட்டபோது புத்தர் ஒன்றும் உரையாது இருந்தார். அம்மௌனத்தை ‘இல்லை’ என்று மொழிபெயர்ப்பது நம் அவசரம்.

புத்தர் திருமாலின் அவதாரம் என்று நம் பெரியோர் சிலர் சொல்லிப் பிணக்கைத் தீர்க்க முயல்வர். புராணங்களில் அது காணப்படுவது உண்மையே. ஆயினும் அசுரரை மயக்கித் தவறான வழியிற் செலுத்தவே அவ்வவதாரம் எழுந்ததென அங்கே சொல்லப்படுகிறது. அதனைப் பௌத்தரிடம் உபசாரமாக எடுத்துரைப்பது அறியாமையாகும். தேவரைப் பௌத்தம் மறுப்பதில்லை. உலகைப் படைத்து நடத்தும் முதல்வன் ஒருவனையே ஏற்பதில்லை. அதனாலன்றோ கண்டியிலே நாதர், திருமால், கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வர்க்கும் தேவாலயங்கள் உள்ளன! அப்பத்தினி நம் கண்ணகையே. மட்டக்களப்பில் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து ஆடும் கொம்புமுறியையும், சிங்களக் கிராமங்களில் அவர்கள் ‘அங்கெலிய’ என ஆடும் விளையாட்டையும் ஒருங்கே கண்டோர், இரண்டும் ஒரே தாயின் முற்றத்தில் ஆடப்படுவன என்பதை உணர்வர். பத்தினி வருங்காலத்துப் புத்தராவாள் என்று சிங்கள மக்கள் நம்புவதும் வஞ்சியிலே கண்ணகி மணிமேகலைக்குச் சொன்னதும் ஒன்றுக்கொன்று தொலைவிலில்லை.

பிக்குகள் புலால் உண்பதேன் என்ற வினாவிற்குச் சுருக்கமாக ஒன்று: தமக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இருப்பின் அவர் உண்ணலாகாது, மற்றையபடி இட்டதை ஏற்பதே விதி. புலால் மறுத்தலைச் சங்கத்தார் அனைவர்க்கும் கட்டாயமாக்குமாறு தேவதத்தன் கேட்டபோது புத்தர் அதற்கு உடன்பட்டிலர். நம் வள்ளுவர் வழி இதனினும் கடுமையானது. இது பற்றி அவர்களோடு நாம் வாதிடலாம், இகழ்வது வேறு.

அம்மாணாக்கனுக்கு அன்று மணிமேகலையின் இருபத்தாறாம் காதையை உரையோடு கொடுத்தனுப்பினோம். மறுவாரம் திருப்பித் தந்தபோது, “ஐயா, கண்ணகையம்மன் தன் வினையைத் தானே ஒப்புக்கொள்கிறாள், இதை எங்கள் கோயிற் பெரியவர் ஒத்துக்கொள்வாரா?” என்று கேட்டான். அப்பெரியவரிடமே போய்க் கேட்குமாறு சொன்னோம். அவர் காதையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஏட்டை இன்னும் இரண்டு நாள் தம்மிடம் வைத்துக்கொண்டாராம்.