கணக்கில் வராத காற்று

போர்ஷே 911 எஸ்சியின் இன்ஜினில் ஏர் லீக் இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஸ்பானர்கூட வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் டேங்கின் மூடியைத் திறந்தால் போதும். உடனே இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் நல்ல அறிகுறி. மூடியைத் திறந்ததே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டும். வேறு எங்கோ ஏற்கெனவே ஒரு வழி திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சோதனைக்கான காரணம் காரின் பெட்ரோல் அமைப்பில் இருக்கிறது. 1978 மாடல் முதல் 1983 வரை வந்த எஸ்சியில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் ஒரு சின்னப் பிஸ்டனை நகர்த்த, அது நகரும் அளவுக்கு ஆறு இன்ஜெக்டர்களிலும் பெட்ரோல் இடைவிடாமல் பாயும். எல்லாமே இயந்திர வேலை. ஆக, தட்டைத் தூக்காமல் பக்கத்து வழியாக நுழைந்த காற்றுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோலும் கிடைக்காது. எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதம் குலைந்து, மிக்ஸ்சர் லீன் ஆகிவிடும். ஆயில் டேங்கின் மூச்சுக்குழாய் இன்டேக்கில் சேர்வதால், மூடி வழியே வருவதும் கணக்கில் வராத காற்றுதான்.

சில கார்கள் இந்தச் சோதனையில் வேடிக்கை காட்டும். மூடியைத் திறந்ததும் முன்பைவிட நன்றாக ஓடும்! அதற்கு முன்னால் யாரோ 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டு, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பி ரிச்சாக்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் காரை வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விற்பவர்கள் லீக்கைத் தேடச் சோம்பல்பட்டு, அதனால் வந்த லீன் மிக்ஸ்சரை ஸ்க்ரூவைத் திருப்பி மறைத்துவிடுவார்கள். ஐட்லிங் அடங்கிவிடும், கார் விலைபோய்விடும். ஆனால் ஐட்லிங்கில் உள்ளே வரும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் லீக்கின் பங்கு அதில் பெரிது. வேகம் கூடும்போது அந்தப் பங்கு சுருங்கிவிடும். ஐட்லிங்குக்காகத் திருப்பி வைத்த மிக்ஸ்சர், சாலையில் ஓடும்போது தேவைக்கு மேல் ரிச்சாகிப் பெட்ரோலைக் குடிக்கும்.

ஒரே லீக் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி தெரியாது என்பதற்கு போர்ஷே 914 நல்ல உதாரணம். தொடக்கத்தில் வந்த 1.7 லிட்டர் இன்ஜினில் இருந்தது டி-ஜெட்ரானிக். இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைத் தீர்மானிக்கும் அமைப்பு அது. லீக்கால் அழுத்தம் கூடினால் பெட்ரோலையும் கூட்டிவிடும். ஐட்லிங் தானாக ஏறி நிற்கும். 1974 மாடலில் வந்த 1.8 லிட்டர் இன்ஜினுக்கு, அமெரிக்காவுக்குப் போன கார்களில், எல்-ஜெட்ரானிக். காற்று தள்ளும் மடலை வைத்து அளக்கும் முறை அது. அதே இடத்தில் அதே ஓட்டை விழுந்தால் இங்கே ஐட்லிங் ஏறாது. இறங்கி, தடுமாறி, மிஸ் அடிக்கும். எனவே இன்னொரு கார்க்காரர் சொன்ன அறிகுறியை நம்பி வேலையைத் தொடங்குவதற்கு முன், நம் காரில் காற்றை அளப்பது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், அதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எஸ்சியில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள், ஏர்பாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பெட்டி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும் வால்வு இந்தப் பெட்டிக்குள்தான் தெளிக்கும். மிக்ஸ்சர் லீனாக இருந்தால் மெதுவாக எரியும். இன்டேக் வால்வு திறக்கும்போதும் எரிந்து முடியாத தீ பின்னோக்கிப் பாய்ந்தால், பெட்டிக்குள் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். 'டப்' என்று ஒரு சத்தம்; பெட்டியில் விரிசல். விரிசல் வழியே இன்னும் காற்று நுழையும், மிக்ஸ்சர் இன்னும் லீன் ஆகும், அடுத்த வெடிப்புக்கு வழி பிறக்கும். ஒரு சின்ன லீக்கை அப்படியே விட்டு ஓட்டக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். இந்தப் பெட்டியை மாற்ற இன்ஜினைப் பாதியாவது கீழே இறக்குவதுதான் வழக்கம். பெட்டியின் விலையைவிடக் கூலிதான் கடிக்கும். அதனால்தான் பலர் ஸ்பிரிங் வைத்த பாப்-ஆஃப் வால்வு ஒன்றைப் பெட்டியில் ஒட்டிவிடுகிறார்கள். வெடித்தால் அது திறந்து அழுத்தத்தை வெளியே விடும். நல்ல யோசனைதான். ஆனால் அதன் ரப்பர் இறுகிப்போனால், ஒட்டிய இடம் விட்டுப்போனால், அந்தக் காவல்காரனே லீக் ஆகிவிடுவான்.

மற்றபடி ரப்பர் இருக்கும் இடமெல்லாம் பார்க்க வேண்டிய இடம்தான். ஏர்பாக்ஸையும் ஆறு இன்டேக் குழாய்களையும் சேர்க்கும் ரப்பர் ஸ்லீவ்கள், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், ஆயில் மூடியின் கேஸ்கெட். கடைசியில் சொன்னது மிகக் குறைந்த விலைப் பொருள் என்பதாலேயே பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

கார்புரேட்டர் கிளீனரை ஐட்லிங்கில் அங்கங்கே பீய்ச்சி, சத்தம் மாறுகிறதா என்று கேட்கும் பழைய முறை இந்தக் காரில் அவ்வளவாக உதவாது. 911-இன் இன்ஜின் காற்றால் குளிர்வது. பெரிய ஃபேன் ஒன்று இன்ஜின் அறைக் காற்றை இழுத்துச் சிலிண்டர்கள் மேல் தள்ளிக்கொண்டே இருக்கும். இங்கே பீய்ச்சியது அங்கே போய்ச் சேரும். சத்தம் மாறினாலும் எந்த இடத்தால் மாறியது என்று சொல்ல முடியாது. கீழே சூடான எக்ஸாஸ்ட் வேறு இருக்கிறது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பற்றவைக்காத புரொப்பேன் குழாயை வைத்துத் தேடுபவர்களும், அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கித் தேங்கும் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவுக்குப் போன எஸ்சிகளில் 1980 மாடல் முதல் ஆக்சிஜன் சென்சார் உண்டு. அதன் இணைப்பைக் கழற்றாமல் சோதித்தால், வரும் மாற்றத்தை அது சரிக்கட்டி மறைத்துவிடும்.

வேக்கம் கேஜ் லீக் இருக்கும் இடத்தைக் காட்டாது. இருக்கலாம் என்று மட்டும் சொல்லும். கடல்மட்டத்தில் நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். ஊசி ஆடாமல் கீழே நின்றால் லீக்காக இருக்கலாம், இக்னிஷன் டைமிங் பின்தங்கியதாகவும் இருக்கலாம். ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் 14 அங்குலம் காட்டும் கார், லீக் இல்லாத நல்ல காராகவே இருக்கலாம்.

காசைச் செலவழிப்பதென்றால் புகைச் சோதனைக்குச் செலவழிக்கலாம். இன்ஜினை நிறுத்தி, காற்று நுழையும் வாயை அடைத்து, ஒரு வேக்கம் ஹோஸ் வழியாக மினரல் ஆயில் புகையை 1 பிஎஸ்ஐக்கும் குறைந்த அழுத்தத்தில் விடுவார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் நல்ல சீலும் பிய்ந்துவிடும். எஸ்சியில் புகை மூச்சுக்குழாய் வழியே ஆயில் டேங்குக்கும் கிராங்க்கேஸுக்கும் போகும். வால்வு கவர் ஓரத்தில் புகை கசிந்தால், "அது ஆயில் லீக்தானே" என்று விட்டுவிடக் கூடாது. ஆயில் வெளியே வரும் அதே வழியில் காற்று உள்ளே போகும். வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்கும் இன்ஜின் பகுதி கண்ணுக்குத் தெரியாது. அங்கே சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும்.

லீக்கெல்லாம் அடைபட்ட பிறகும் தடுமாற்றம் இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோல் அழுத்தம். அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வார்ம்-அப் ரெகுலேட்டர் கெட்டாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அதுவும் சரியென்றால்தான் ஆலன் கீயை எடுக்க வேண்டும்: ஒரு நேரத்தில் மிகச் சிறிய திருப்பம், கீயை வெளியே எடுத்தபின் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி எக்ஸாஸ்ட் வாயு ரீடிங். கீ உள்ளே இருக்கும்போது மட்டும் ஆக்சிலேட்டரைத் தொடக் கூடாது. தட்டு எழும்பினால் கீ வளைந்துவிடும்.