டிஃப்ராக் கிடக்கட்டும், பேக்கப் எங்கே?

எங்கள் கடை பில்லிங் கம்ப்யூட்டருக்கு ஆறு வயது. ஹார்ட் டிஸ்க்கை மாதாமாதம் டிஃப்ராக் செய்ய வேண்டுமா?
– வாசகர், முடிச்சூர், மேற்குத் தாம்பரம்

ஆறு வயது டிஸ்க்குக்கு டிஃப்ராக் என்பது தாத்தாவுக்குத் தலை வாரிவிடுவது மாதிரி. பார்க்க நன்றாயிருக்கும், ஆயுசு கூடாது. விண்டோஸ் 10 அதை வாரம் ஒருமுறை தானாகவே செய்துகொள்ளும். எஸ்எஸ்டி என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் நிம்மதி. மஞ்சளில் 'காஷன்' வந்தால் அன்றைக்கே புது எஸ்எஸ்டி வாங்கிவிடுங்கள். உள்ளே 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மஞ்சளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம் பேக்கப். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஷட்டர் இறக்கும் முன் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி மாற்றி டேலி டேட்டாவை எடுத்து, கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கல்லா டிராயரில் மட்டும் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் உங்கள் ஊருக்குள் வந்த கதையை உங்களுக்கே நான் சொல்ல வேண்டுமா? மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்தும் பாருங்கள். சிபியு இன்னும் தரையில்தான் இருக்கிறதா? இன்றைக்கே மேசைமேல் ஏற்றுங்கள்.