அந்த 99 பவுண்டு எங்கே போனது?

அன்புள்ள மருமகளுக்கு,

குடும்ப டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், நிபுணரை வீடியோவிலேயே பார்த்துவிட்டால் செலவு குறையத்தானே வேண்டும் என்று உன் காலேஜ் ப்ராஜெக்டுக்காகக் கேட்டிருந்தாய். பிரிட்டனில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை, கிராமங்கள் சூழ்ந்த ராயல் ஷ்ரூஸ்பரி மருத்துவமனை ஆகிய இரண்டும்தான் களம். நோயாளிகள் 2,094 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறு பாதியினர் குடும்ப டாக்டரின் அறையிலேயே உட்கார்ந்து, அவரும் கூட இருக்க, திரையில் நிபுணரிடம் பேசினார்கள். மருத்துவ முடிவுகள் 2002-இல் 'லான்செட்' இதழிலும், செலவுக் கணக்கு 2003-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழிலும் வெளிவந்தன.

வீடியோவில் பேசியவர்களுக்குத் திருப்தி அதிகம். அவர்களுக்கு எழுதித் தரப்பட்ட பரிசோதனைகளும் குறைவு. நோயாளியின் கைச்செலவில் சராசரியாக 8 பவுண்டும், வேலைநேர இழப்பில் 11 பவுண்டும் மிச்சமாயின. ஆனால் ஆறு மாத மொத்தச் செலவைக் கூட்டினால் வீடியோவில் ஆளுக்கு 724 பவுண்டு, நேரில் 625!

கூடுதலான 99 பவுண்டை விழுங்கியது அந்த முதல் ஆலோசனைதான். யோசித்துப் பார்: ஒரு நோயாளிக்காக ஒரே நேரத்தில் இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, வீடியோவில் பார்த்தவர்களில் 52 சதவீதம் பேரை மறுபடி வரச் சொன்னார்கள். நேரில் பார்த்தவர்களில் 41 சதவீதம்தான். இதில் வியப்பில்லை. மூட்டை மடக்கி நீட்டிப் பார்க்கவும் காதுக்குள் எட்டிப் பார்க்கவும் திரைக்குக் கையில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு என்று நீ தள்ளிவிடலாம். கேமராவும் இணைப்பும் இன்று மலிவு, உண்மை. டாக்டரின் நேரம் மலிவாகவில்லையே.

அப்படியானால் நோயாளியின் பக்கத்தில் யார் உட்காருவது? இதற்கு நம் ஊரிலேயே ஒரு விடை உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் விஷன் சென்டர்களில் டாக்டர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து அனுப்புகிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சில நிமிடம் வீடியோவில் பேசுகிறார். ஆரம்ப காலத்தில் தேனிப் பக்கம் இதற்கான தொலைதூர வைஃபை இணைப்பை அமைக்கக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் கைகொடுத்தார்கள். இங்கே செலவைக் குறைத்தது திரை அல்ல, வேலையைப் பிரித்த விதம் என்பது என் கட்சி. கண்ணுக்கு இது பொருந்துகிறது, படத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். வயிற்று வலிக்கு இதே ஏற்பாடு எடுபடுமா என்பது சந்தேகம்தான்.

2020 மார்ச்சில் வந்த இந்திய டெலிமெடிசின் விதிமுறைகளும், தேவைப்பட்டால் நோயாளியை நேரில் வரச் சொல்லும் முடிவை டாக்டரிடமே விட்டிருக்கின்றன. அதனால் உன் அட்டவணையில் பஸ் கட்டணத்துக்குப் பக்கத்தில், 'மறுபடி நேரில் வரச் சொன்னவர்கள்' என்று இன்னொரு கட்டமும் போடு. அதை நிரப்பாமல் லாபக் கணக்கு எழுதாதே.

அன்புடன்,
மாமா