விட வேண்டிய வரியை விடத் தெரியணும்: அக்கா சொல்லும் மல்டி கர்சர் டிப்ஸ்

தங்கச்சி, கடலைமிட்டாய் பார்சல் அனுப்பும் கடையில் வேலைக்குச் சேர்ந்த கையோடு, பழைய முகவரி லிஸ்டைக் கொடுத்து "மாவட்டத்தை எல்லாம் சரி பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். 2020-இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர் ஆர்டருக்கு முகவரி சரியாக இருப்பது இன்னும் முக்கியம். ஆனால் நம்ம ஊர்ப்பக்கத்து லிஸ்டில் மாவட்டத்தைச் சரி செய்வது சின்ன வேலை இல்லை.

கோவில்பட்டி 1986 அக்டோபர் 20 வரை திருநெல்வேலி மாவட்டம். அன்றிலிருந்து சிதம்பரனார் மாவட்டம். 1997-இல் அதுவே தூத்துக்குடி மாவட்டம் ஆனது. பக்கத்துச் சங்கரன்கோவில் 2019 வரை திருநெல்வேலி, இப்போது தென்காசி. பாளையங்கோட்டை அன்றும் இன்றும் திருநெல்வேலிதான். அதனால் ‘ரீப்ளேஸ் ஆல்’ போட்டால் பாளையங்கோட்டைக்காரர்களும் ஊர் மாறிப்போவார்கள். ஒவ்வொரு வரியாக அடித்தால் பொழுது போய்விடும். வேண்டிய இடங்களில் மட்டும் ஒவ்வொரு கர்சரை நிறுத்தி, ஒரே தடவை டைப் செய்வதுதான் உனக்குச் சரியான வழி.

விஎஸ் கோட் எடிட்டர் வைத்திருக்கிறாய் அல்லவா, இதற்குத் தனி ப்ளக்-இன் எதுவும் வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. லிஸ்ட் எக்செல்லில் இருந்தால் ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்ற வகையிலேயே சேமி. வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது கன்ட்ரோல் + டி. ஒரு சொல்லில் கர்சரை வைத்து அதை அழுத்தினால் அந்தச் சொல் செலக்ட் ஆகும். மறுபடி அழுத்த அழுத்த அடுத்தடுத்த இடங்களும் சேர்ந்துகொண்டே வரும். உனக்கு அதைவிட முக்கியம், வேண்டாத இடத்தைத் தாண்டிப்போகும் கீ. பாளையங்கோட்டை வரி வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகணும். அதற்கு விஎஸ் கோட் வைத்திருப்பது கன்ட்ரோல் + கே, கன்ட்ரோல் + டி என்ற இரட்டைத் தட்டு. இரண்டாவது தட்டில் கன்ட்ரோலிலிருந்து விரல் விலகினால் வேறு கட்டளை ஓடி வேறு ஜன்னல் திறந்துகொள்ளும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே இதை ஒற்றைத் தட்டாக மாற்றிவிடு. கன்ட்ரோல் + கே, கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் ஷார்ட்கட் பட்டியல் வரும். அதில் ‘மூவ் லாஸ்ட் செலக்‌ஷன் டு நெக்ஸ்ட் ஃபைண்ட் மேட்ச்’ என்பதைத் தேடி, அதன்மேல் டபுள் கிளிக் செய்து, புது கீயை அழுத்திக் காட்டு. எனக்கு ஆல்ட் + டி வசதி. அந்தக் கீ ஏற்கெனவே வேறு வேலைக்குப் போயிருந்தால் அந்தப் பெட்டியே சொல்லிவிடும்.

எந்த வரியை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாற்றம் வந்தால் பின்கோடைப் பார். 628-இல் தொடங்கினால் பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கம். கோவில்பட்டி 628501. சங்கரன்கோவில் 627756. அவசரத்தில் ஒன்றைத் தப்பாகச் சேர்த்துவிட்டால் எஸ்கேப் அடித்து எல்லாவற்றையும் கலைத்துவிடாதே. கன்ட்ரோல் + யு கடைசியாகச் சேர்த்த கர்சரை மட்டும் எடுத்துவிடும்.

அடுத்தது தமிழுக்கே உரிய விஷயம். சொல்லில் கர்சரை வெறுமனே வைத்துக் கன்ட்ரோல் + டி அழுத்தினால் அது முழுச் சொல்லாகத்தான் தேடும். ‘திருநெல்வேலி’ கிடைக்கும், ‘திருநெல்வேலியில்’, ‘திருநெல்வேலிக்கு’ என்பவை கிடைக்காது. அவையும் வேண்டுமானால் ஷிஃப்டும் அம்புக்குறியுமாக நீயே ‘திருநெல்வேலி’ வரை செலக்ட் செய்துவிட்டு அழுத்து. அப்போது சொல்லுக்குள் இருப்பதும் வரும். ‘தூத்துக்குடி’யும் ‘தென்காசி’யும் இகரத்தில் முடிவதால் பின்னால் ஒட்டியிருக்கும் ‘யில்’, ‘க்கு’ எல்லாம் பொருந்திவிடும். சாத்தூர்க்காரர் வரியில் விருதுநகர் என்று போடும்போது அது நடக்காது, ‘விருதுநகர்யில்’ என்று வந்து நிற்கும். ம்-இல் முடியும் பெயர்களிலும் கவனம் வேண்டும்: ‘மாவட்டம்’ என்று பிடித்தால் ‘மாவட்டத்தில்’ தப்பிவிடும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கோவில்பட்டி’ என்ற பெயரையே எடுத்துக்கொள். அதில் வரும் ‘கோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எடிட்டருக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய ஃபான்டில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய ஃபைல்களில் இந்த இரண்டு குறி வடிவத்தை அடிக்கடி பார்க்கலாம். கண்ணெதிரே ‘கோவில்பட்டி’ இருந்தும் கன்ட்ரோல் + டி அதைத் தாண்டிப் போனால் காரணம் இதுதான். தாண்டிப்போன அந்தச் சொல்லைக் காப்பி செய்து ஃபைண்ட் பெட்டியில் ஒட்டு. ரீப்ளேஸ் பெட்டியில் உன் கீபோர்டில் புதிதாக டைப் செய். இந்த இடத்தில் ‘ரீப்ளேஸ் ஆல்’ தாராளமாகப் போடலாம். இதே வேலையை ‘கொ’, ‘கௌ’ வரும் சொற்களுக்கும் முதலிலேயே முடித்துவிடு. இல்லாவிட்டால் பல கர்சரோடு ஒரு பேக்ஸ்பேஸ் அடிக்கும்போது ஒரு வரியில் ‘க’ மிஞ்சும், இன்னொரு வரியில் ‘கே’யோ ‘கெ’யோ மிஞ்சும்.

கர்சரை மேலிருந்து கீழாக அடுக்குவதற்கு கன்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பு. சில பழைய லேப்டாப்களில் இது திரையையே தலைகீழாகத் திருப்பிவிடும், அப்படியானால் இதற்கும் வேறு கீ வை. மவுஸால் கர்சர் வைக்க ஆல்ட் + கிளிக். சில லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஆல்ட் ஜன்னலை இழுக்கப் போய்விடும் என்பதால், செலக்‌ஷன் மெனுவில் அதைக் கன்ட்ரோல் + கிளிக்காக மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் இல்லை, ஆகவே நேர்கோட்டில் அடுக்கிய கர்சர்கள் ஒவ்வொரு வரியிலும் ஒவ்வோர் எழுத்தில் போய் நிற்கும். அடுக்கியதும் ஹோம் அல்லது எண்ட் அடித்து, அங்கிருந்து நகர்த்து. வரிக்கடைசியில் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் வரிகளை மொத்தமாக செலக்ட் செய்து ஷிஃப்ட் + ஆல்ட் + ஐ அழுத்துவது இன்னும் நல்லது.

புதுச் சொல்லை அத்தனை கர்சரிலும் நேரடியாகத் தமிழில் அடிப்பதைவிட, ஓரிடத்தில் சரியாக அடித்து, காப்பி செய்து ஒட்டு. பத்து பின்கோடைப் பத்து வரியில் காப்பி செய்து, பத்து கர்சரில் ஒட்டினால் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து விழும். அப்படி விழாவிட்டால் செட்டிங்ஸில் ‘மல்டி கர்சர் பேஸ்ட்’ என்பது ‘ஸ்ப்ரெட்’ என்று இருக்கிறதா என்று பார்.

கடையில் யாராவது விம் எடிட்டர் வைத்திருந்தால் அங்கேதான் ப்ளக்-இன் தேவைப்படும். பழைய ‘விம் மல்டிப்பிள் கர்சர்ஸ்’ வேண்டாம், அதன் வேலை நின்றுபோனது. ‘விம் விஷுவல் மல்டி’ போடு. கன்ட்ரோல் + என் எடுக்கும், சிறிய ‘க்யூ’ தாண்டும். கீ மாற்றும் வரிகளை ப்ளக்-இன் ஏறும் வரிக்கு மேலே எழுது, கீழே எழுதினால் ஏறாது.

டைப் செய்யும் முன் கீழ்ப்பட்டையில் எத்தனை செலக்‌ஷன் என்று காட்டும் எண்ணைப் பார். சங்கரன்கோவில் என்று தனியாகத் தேடி எத்தனை வரி என்று குறித்து வைத்திருந்தால், தென்காசியாக மாற்றப் பிடித்த கர்சர்களும் அத்தனை இருக்கணும். மாற்றிய பிறகு உடனே சேமிக்காதே. கன்ட்ரோல் + கே அழுத்தி, கையை எடுத்துவிட்டு வெறும் டி அழுத்து. பழைய ஃபைலும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் திறக்கும், மாறிய வரிகள் நிறத்தோடு தெரியும். ஒவ்வொரு பின்கோடாகப் பார்த்துவிட்டு, அப்புறம் சேமி.